குளிர்கால வியன்னாவில் பழைய பயணத் தோழர்களோடு சில நாட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓர் இரவு ரயிலில் ஒரே பெட்டியில் இடம் கிடைத்ததால் நண்பர்களானவர்கள் நாங்கள் நான்கு பேர். அதற்குப் பிறகு மூன்று நீண்ட பயணங்கள் சேர்ந்தே போனோம். அப்புறம் வேலை, குடும்பம், வேறு வேறு நாடு என்று ஆளுக்கொரு பக்கம் பிரிந்து, ஒன்பது வருடம் பெரும்பாலும் தொலைபேசியிலேயே ஓடிவிட்டது. ஒரு பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் ஐந்து நாள் நான்கு பேரும் மறுபடி சந்தித்தோம். திரும்பி வந்ததும் தெரிந்தவர்கள் பலர், "நாங்களும் இப்படி ஒருமுறை கூட வேண்டும், எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டவையும் என் பதில்களும் இங்கே.

குளிர்காலத்தில் எதற்கு? கோடையில் போனால் ஊரைச் சுற்றலாமே?

ஊரைச் சுற்றுவதுதான் நோக்கம் என்றால் கோடையில் போங்கள். நண்பர்களோடு உட்கார்ந்து பேசத்தான் போகிறீர்கள் என்றால் குளிர்காலத்துக்கு ஈடில்லை. டிசம்பர் நடுவில் வியன்னாவில் மாலை 4 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஜனவரி கடைசியில்கூட 5 மணிக்குள் இருட்டத் தொடங்கும். வெளிச்சம் போனதும் "அடுத்து எங்கே, அடுத்து எங்கே" என்ற பரபரப்பும் தானாக அடங்கிவிடுகிறது. யாரும் யாரையும் இழுத்துக்கொண்டு ஓடுவதில்லை. கதகதப்பான ஓர் இடத்தில் நுழைந்து கோட்டைக் கழற்றி மாட்டியதும் பேச்சு தொடங்கிவிடும். ஒன்பது வருடக் கதை பேச வேண்டியிருந்த எங்களுக்கு அந்த நீண்ட மாலைகள்தான் வேண்டியிருந்தன.

எத்தனையோ நகரங்கள் இருக்க, ஏன் வியன்னா?

ஒரு கோப்பை காபிக்கு மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் முகம் சுளிக்காத ஊர் என்பதால். அங்கே காபி ஹவுஸ் என்பது குடித்துவிட்டு எழுந்து போகிற கடை இல்லை, உட்காருவதற்கான இடம். இந்தப் பழக்கத்தையே 2011-இல் ஆஸ்திரியா தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

எங்கள் முதல் மாலை கஃபே ஸ்பேர்லில் கழிந்தது. 1880-இல் தொடங்கிய இடம். கதவைத் தள்ளி உள்ளே போனதும் நான்கு பேரின் கண்ணாடியும் ஒரே நேரத்தில் பனி படர்ந்து மங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு பார்த்தால் உயரமான கூரை, தேய்ந்த மெத்தை இருக்கைகள், ஓரமாகப் பில்லியர்ட்ஸ் மேசைகள், கம்பில் கோத்து வைத்த செய்தித்தாள்கள். மெலாஞ் கேட்டேன், காபியும் நுரைத்த பாலும் சேர்ந்தது அது. நீள்வட்டமான சின்ன வெள்ளித் தட்டில் கோப்பையும் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரும் வந்தன. தம்ளரின் வாயில் ஸ்பூனைக் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அந்தத் தண்ணீர் தீரத் தீர, கேட்காமலேயே இன்னொன்று வந்தது. "இன்னும் இருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. அந்தத் தம்ளரே சொல்லிவிடுகிறது.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை: அந்த நகரத்துக் குழாய்த் தண்ணீர் ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து வருவது. முதல் மலைநீர்க் குழாய் 1873-இலேயே போடப்பட்டது. பாட்டில் வாங்கவே வேண்டாம்.

புகழ் பெற்ற சில கஃபேக்களின் வாசலில் வரிசை நிற்கும். குளிரில் அந்த வரிசையில் நிற்க வேண்டியதில்லை. இரண்டு தெரு தள்ளி இன்னொரு கஃபே, அதே காபியோடு இருக்கும். இரவு என்றால் 1939-இல் தொடங்கிய ஹவெல்காவுக்குப் போங்கள். உள்ளே மங்கலான வெளிச்சம்; மேசைகள் நெருக்கமாக இருக்கும். இரவு 8 மணிக்கு மேல் புக்டெல்ன் என்ற, உள்ளே பிளம் ஜாம் வைத்த இனிப்பு பன் அடுப்பிலிருந்து சுடச்சுட வரும். பிட்டால் ஆவி பறக்கும். அது வந்த இரண்டு நிமிடம்தான் நாங்கள் பேச்சை நிறுத்தினோம்.

எந்த மாதம் நல்லது?

நவம்பர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் கடைசி வாரம் வரை கிறிஸ்துமஸ் சந்தைகள். நகர மண்டபத்தின் முன்னால் இருப்பது பெரியது, கூட்டமும் அதிகம். பஞ்ச் என்கிற சூடான பானத்தைப் பீங்கான் கோப்பையில் தருவார்கள். கோப்பைக்கு முன்பணம் வாங்கி, திருப்பிக் கொடுத்தால் பணமும் திரும்பிவிடும். மது வேண்டாதவர்கள் "கிண்டர்புன்ஷ்" என்று கேட்டால் பழச்சாறில் செய்தது கிடைக்கும். அழகான காலம்தான். ஆனால் அறை வாடகை ஏறியிருக்கும். நான்கு பேர் ஒரே மேசையில் இடம் பிடிப்பதும் கஷ்டம்.

டிசம்பர் 24 மதியத்துக்கு மேல் கடைகள் மூடிவிடும், 25-உம் 26-உம் விடுமுறை. அந்த நாட்களில் போவதானால் சாப்பாட்டுக்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். புத்தாண்டு இரவு வேறு மாதிரி. நள்ளிரவில் ஸ்டெஃபன் பேராலயத்தின் பும்மெரின் மணி அடித்ததும் வானொலியில் நீல டான்யூப் வால்ட்ஸ் ஒலிக்கும், தெருவிலேயே ஜோடி ஜோடியாக ஆடுவார்கள்.

என்னைக் கேட்டால் ஜனவரி மூன்றாம் வாரத்துக்கு மேல் போங்கள். பண்டிகைக் கூட்டம் கலைந்திருக்கும், ஊர் தன் இயல்புக்குத் திரும்பியிருக்கும். நகர மண்டபத்தின் முன்னால் சந்தை இருந்த இடத்தில் பனிச்சறுக்குத் தளம் போட்டிருப்பார்கள். நடன விழாக்களின் காலமும் அதுதான், ஒரு பருவத்தில் நானூறுக்கும் மேல் நடக்கும். ஒரு சனிக்கிழமை இரவு சுரங்க ரயிலில் எங்கள் எதிரே தரையைத் தொடும் கவுனும் அதன் மேல் கனத்த குளிர்கோட்டுமாக ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் ஒரு துணிப்பை, அதற்குள் நடனக் காலணிகள்.

எல்லாருடைய தேதியும் ஒத்துவரவே மாட்டேன் என்கிறது. எப்படி முடிவு செய்தீர்கள்?

விசா வேண்டியவரிடமிருந்து தொடங்கினோம். வேறு வேறு பாஸ்போர்ட் வைத்திருக்கும் கூட்டத்தில் இதை மறந்துவிடுவார்கள். விசா வேண்டாதவர் அடுத்த வாரமே கிளம்பலாம். ஆஸ்திரியா உட்பட ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டியவரால் அது முடியாது. விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுக்க வேண்டும். விண்ணப்பத்துக்கான நேரம் கிடைப்பதே சில இடங்களில் வாரக்கணக்கில் தள்ளிப்போகும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ வரை ஈடுசெய்யும் பயண மருத்துவக் காப்பீடும் வேண்டும். ஆஸ்திரியாதான் முக்கிய இடம் என்றால் ஆஸ்திரியாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

அவர் கையில் விசா வந்தபிறகுதான் மற்ற மூவரும் திருப்பித் தராத டிக்கெட்டுகளை வாங்கினோம். கொஞ்சம் காசு கூடப் போயிற்று. ஆனால் "என்னால்தான் எல்லாருக்கும் கெட்டது" என்ற எண்ணம் அவருக்கு வரவே இல்லை. அது எங்களுக்குப் பெரிய விஷயம்.

ஹோட்டலா, வீடா?

வீடு, ஆளுக்கொரு அறையோடு. இரண்டையும் விட்டுக்கொடுக்காதீர்கள். இருபத்தைந்து வயதில் நான்கு பேர் ஒரே அறையில் படுத்தோம். இப்போது ஒருவர் குறட்டை விடுகிறார், ஒருவர் அதிகாலை 4 மணிக்கு எழுந்துவிடுகிறார், ஒருவருக்கு இரவில் வீட்டோடு பேச வேண்டியிருக்கிறது. கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை இருந்தால்தான் மறுநாள் காலை சமையலறை மேசைக்கு ஆசையாக வருவார்கள். எங்கள் மிகச் சிறந்த உரையாடல்களில் பாதி, ராத்திரி உடுப்போடு அந்த மேசையில்தான் நடந்தது.

வீடு எடுப்பதற்கு முன் லிப்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். வியன்னாவின் பழைய கட்டடங்களில் மாடிக் கணக்கு வேறு. தரைத்தளத்துக்கு மேல் "ஹோக்பார்டெர்ரே", அதற்கும் மேல் "மெஸ்ஸனின்" என்று இடைத்தளங்கள் வரும், அப்புறம்தான் முதல் மாடி தொடங்கும். மூன்றாம் மாடி என்று போட்டிருந்த எங்கள் வீடு உண்மையில் ஐந்தாவது தளத்தில் இருந்தது. நல்லவேளை, லிப்ட் இருந்தது. எங்களில் ஒருவருக்கு முழங்கால் வலி.

நகர மையத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றில்லை. ஏழாம் வட்டமான நொய்பாவ், எட்டாம் வட்டமான யோசெஃப்ஷ்டாட் போன்றவை மையத்தை ஒட்டியே இருக்கின்றன, இரவில் அமைதியாகவும் இருக்கும்.

இன்னொன்று: சனிக்கிழமை மாலை 6 மணிக்குச் சூப்பர் மார்க்கெட்டுகள் மூடினால் திங்கள் காலைதான் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கிற சில கடைகள்தான் கதி. சனிக்கிழமை போய் இறங்கினால் பாலும் ரொட்டியும் முதலில் வாங்கிவிடுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை இடம் பார்க்கலாம்?

ஒன்று.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வியன்னாவுக்கு முன்பே, வேறோர் ஊரில் இரண்டு பேர் மட்டும் ஒரு வாரக்கடைசியில் சந்தித்தோம். காலை 9 முதல் இரவு 9 வரை மணிவாரியாக நான் அட்டவணை போட்டிருந்தேன். இரண்டாம் நாள் மாலை ஒரு பாலத்தின் நடுவில் நின்று, "உன்னைப் பார்க்க வந்தேன், இந்த ஊரைப் பார்க்க வரவில்லை" என்றார் தோழர். அவர் சொன்னது நியாயம். இரண்டு நாளில் பன்னிரண்டு இடம் பார்த்திருந்தோம். அவர் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்ததை அந்தப் பாலத்தில்தான் எனக்குச் சொன்னார்.

அதனால் வியன்னாவில் காலை 11 மணிக்குமேல் ஒரே ஒரு இடம், மற்றது அன்றைய மனசுப்படி. யாருக்காவது தனியாக எங்காவது போக வேண்டுமென்றால் போகலாம், மாலை 5 மணிக்கு இன்ன கஃபேயில் சந்திப்பு என்பது மட்டும் மாறாது.

அந்த ஒரே இடமாக எதைப் பார்ப்பது? ஒன்று சொல்லுங்கள்.

கலை வரலாற்று அருங்காட்சியகத்தில், பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் ப்ரூகலின் அறை. 1891-இல் திறந்த பெரிய மாளிகை அது. முழுவதும் பார்க்க நினைத்தால் கால் ஓய்ந்துவிடும். நேராக அந்த அறைக்குப் போய் உட்காருங்கள், இருக்கை போட்டிருக்கிறார்கள். உலகத்திலேயே ப்ரூகலின் ஓவியங்கள் அதிகமாக இருக்கிற இடம் அது.

"பனியில் வேட்டைக்காரர்கள்" என்ற 1565-ஆம் ஆண்டு ஓவியத்தின் முன்னால் நாங்கள் ஒன்றரை மணி நேரம் இருந்தோம். மூன்று வேட்டைக்காரர்கள் நமக்கு முதுகைக் காட்டியபடி மலைச்சரிவில் இறங்குகிறார்கள். பின்னால் களைத்த நாய்கள். ஒருவர் தோள் ஈட்டியில் தொங்குவது ஒரே ஒரு நரி, அன்றைக்குக் கிடைத்தது அவ்வளவுதான். இடது ஓரத்தில் சத்திரத்தின் பெயர்ப்பலகை ஒரு கொக்கி கழன்று சாய்ந்து தொங்குகிறது, அதன் கீழே காற்றில் சாயும் தீ. கீழே பள்ளத்தாக்கில், பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் உறைந்த குளங்களில், ஊரே சறுக்கி விளையாடுகிறது. ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைக் கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டே இருந்தோம். கடைசியாக முழங்கால் வலிக்காரர் பாலத்தின் மேல் விறகுக்கட்டைச் சுமந்து போகிற ஒரு சின்ன உருவத்தைக் காட்டி, "எல்லாரும் விளையாடும்போது இவர் மட்டும் வீட்டுக்கு விறகு கொண்டுபோகிறார்" என்றார். அவர் தன் அம்மாவைக் கவனித்துக்கொண்ட நான்கு வருடங்களைப் பற்றி அப்போதுதான் பேசத் தொடங்கினார். தொலைபேசியில் ஒருநாளும் சொன்னதில்லை.

வியாழக்கிழமைகளில் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். அந்த மாலை நேரம் அமைதியாக இருக்கும்.

குளிர் தாங்குமா? என்ன உடுத்துவது?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெப்பநிலை பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும், இரவில் அதற்கும் கீழே. பனி பெய்தே தீரும் என்று எண்ணிப் போகாதீர்கள், பல நாள் வெறும் சாம்பல் வானம்தான். ஆனால் காற்று நன்றாக அடிக்கும். உள்ளே மெல்லிய கம்பளி உடுப்பு, நடுவில் ஸ்வெட்டர், மேலே காற்றைத் தடுக்கும் நீளமான கோட்டு. கட்டடங்களுக்குள் சூடு அதிகம் என்பதால் சுலபமாகக் கழற்றிப் போடுகிற மாதிரி இருக்கட்டும். பணத்தைச் செலவழிப்பதானால் காலணியில் செலவழியுங்கள். அடிப்பாகம் தடிமனாக, வழுக்காததாக வேண்டும். கால் குளிர்ந்தால் ஆளுக்குக் கோபம் வருகிறது.

தெருமுனைகளில் கஷ்கொட்டை வறுத்து விற்பார்கள், "மரோனி" என்று பெயர். ஒரு காகிதப் பொட்டலம் வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டால் கை இரண்டும் சூடாகும். ஓடு வெடித்த இடத்தில் நகத்தை விட்டு உரித்து மற்றவருக்கு நீட்டிக்கொண்டே நடக்கலாம்.

எங்களில் ஒருவரால் அதிகம் நடக்க முடியாது. சரிப்படுமா?

நன்றாகவே சரிப்படும். பழைய நகரத்தைச் சுற்றி வரும் ரிங் சாலையின் பெரும்பகுதியில் 1, 2 எண் டிராம்கள் ஓடுகின்றன. ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஓப்பரா, பாராளுமன்றம், நகர மண்டபம், பல்கலைக்கழகம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கடந்து போகும். 1865-இல் திறந்துவைத்த சாலை அது, அதைப் பார்ப்பதற்கு டிராமைவிட நல்ல வழி கிடையாது.

ஷோன்புருன் தோட்டத்தில் 1882-இல் கட்டிய பெரிய கண்ணாடி மாளிகை ஒன்று இருக்கிறது, உள்ளே பனை வகைகளும் வெப்பநாட்டுச் செடிகளும். வெளியே உறைபனி, உள்ளே ஈரமண் வாசனை. இன்னும் சோம்பலான நாளுக்கு, யூ1 சுரங்க ரயிலின் கடைசி நிலையமான ஓபர்லாவில் இறங்கினால் வெந்நீர் ஊற்றுக் குளங்கள். திறந்தவெளிக் குளத்தில் கழுத்தளவு சுடுநீரில் இருந்துகொண்டு, தலைக்கு மேல் குளிர்காற்றில் ஆவி கலைவதைப் பார்த்துக்கொண்டே பேசலாம். முழங்காலுக்கும் அன்றைக்கு விடுமுறை கிடைத்தது.

ஓப்பரா பார்க்கலாமா?

1869-இல் திறந்த அரசு ஓப்பராவில் நின்று பார்க்கும் சீட்டுகள் உண்டு, விலை மிகக் குறைவு. உங்கள் இடத்தில் கம்பியில் ஒரு ஸ்கார்பைக் கட்டிவிட்டு வெளியே போய்வரலாம், அதை யாரும் தொட மாட்டார்கள். ஆனால் மூன்று மணி நேரம் நிற்க முடிகிறவர்களுக்குத்தான் இது. எங்களில் இருவர் போனோம், இருவர் கஃபேயில் காத்திருந்தார்கள். யாருக்கும் வருத்தமில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு?

பட்டினி கிடக்க வேண்டாம். பாலாடைக்கட்டியில் புரட்டிய சின்ன மாவுத் துண்டுகளான கேஸ்ஷ்பெட்ஸ்லே, மெல்லிய மாவில் காய்கறியைச் சுருட்டிச் சுட்ட ஸ்ட்ரூடல், பிய்த்துப் போட்ட அடை மாதிரியான கைசர்ஷ்மார்ன் எல்லாம் இருக்கின்றன. சூப்பில்தான் கவனம் வேண்டும். பெயரில் இறைச்சி இல்லாவிட்டாலும் அடிச்சாறு பெரும்பாலும் மாட்டிறைச்சியில் எடுத்ததாக இருக்கும், கேட்டுவிட்டே வாங்குங்கள். உடன் வருகிறவர் அசைவம் என்றால் அவரை நடுத்தெரு சாசேஜ் கடைக்கு அனுப்பிவையுங்கள், அந்தக் கடைகளும் அந்த ஊர்க்காரர்களுக்குக் காபி ஹவுஸ் மாதிரிதான்.

நான்கு பேரின் வருமானமும் ஒன்றில்லை. செலவை எப்படிப் பங்கிட்டீர்கள்?

கிளம்புவதற்கு முன்பே வெளிப்படையாகப் பேசினோம். கூச்சமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு கேள்வி: "இந்தப் பயணத்துக்கு மொத்தமாக எவ்வளவு போனால் உனக்கு மனசு உறுத்தாது?" நான்கு பதில்களில் குறைந்த தொகையை எல்லாருக்குமான அளவாக வைத்து வீடும் சாப்பாடும் முடிவு செய்தோம். அதற்கு மேல் யாருக்காவது விருப்பம் இருந்தால் அது அவரவர் செலவு.

வியன்னாவில் இதற்கு ஒரு வசதி. பில் கேட்டதும் பரிமாறுகிறவர், "ஸுஸாமன் ஓடர் கெட்ரென்ட்?" என்பார். சேர்த்தா, தனித்தனியா என்று அர்த்தம். "கெட்ரென்ட்" என்றால் பொறுமையாக ஒவ்வொருவரிடமும் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்வார். பில் தொகையோடு ஐந்திலிருந்து பத்து சதவீதம் வரை கூட்டி, முழு எண்ணாகச் சொல்லிக் கொடுப்பதுதான் வழக்கம்.

விமான நிலையத்திலிருந்து நிற்காமல் ஓடும் ரயில் 16 நிமிடத்தில் நகரத்துக்குள் கொண்டுவிடும், கட்டணம் கூடுதல். எஸ்7 என்ற சாதாரண ரயில் அதே இடத்துக்கு 25 நிமிடம் போல எடுக்கும். நாங்கள் எஸ்7-இல் போனோம். நகரப் பயணச்சீட்டு விமான நிலையம் வரை செல்லாது, அந்தத் தூரத்துக்குத் தனியாக வாங்க வேண்டும்.

இத்தனை வருடம் கழித்துப் பேச ஒன்றுமில்லாமல் போனால்?

எல்லாருக்கும் உள்ளுக்குள் இருக்கிற பயம் இதுதான். எனக்கும் இருந்தது. முதல் இரண்டு மணி நேரம் பழைய கதைகள் ஓடும். தவறவிட்ட பேருந்து, காய்ச்சலில் கிடந்த ராத்திரி என்று. அது தீர்ந்ததும் ஒரு மௌனம் வரும். அந்த மௌனத்தைக் கண்டு பயந்து "சரி, கிளம்பலாமா?" என்று எழுந்துவிடாதீர்கள். இன்னொரு காபி சொல்லிவிட்டு உட்காருங்கள். இப்போதைய வாழ்க்கை அதற்கப்புறம்தான் மெல்ல வெளியே வருகிறது.

ஆட்கள் மாறியிருப்பார்கள். துணிச்சலாக இருந்தவர் இப்போது எச்சரிக்கையாக இருப்பார். அவரைப் பழைய ஆளாக இருக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

கணவரை, மனைவியை அழைத்துப் போகலாமா?

முதல் சந்திப்புக்கு வேண்டாம் என்பது என் எண்ணம். பழைய கதைகளுக்கு ஒவ்வொரு முறையும் முன்கதை சொல்ல வேண்டிவரும், வந்தவரும் பாவம், சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அடுத்த முறை எல்லாரும் குடும்பத்தோடு வரலாம்.

கடைசி நாளை எப்படி வைப்பது?

விமானங்கள் ஒரே நேரத்தில் இருக்காது. ஒவ்வொருவராகக் கிளம்பக் கிளம்ப, கடைசி ஆளுக்கு வீடு பெரிதாகிவிடும். எங்களில் கடைசி ஆள் நான். மூன்றாமவரை ரயிலேற்றிவிட்டு வீட்டுக்கு வந்து, மேசையிலிருந்த நான்கு கோப்பைகளையும் கழுவிக் கவிழ்த்தேன். என் விமானத்துக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது.

ஆகவே கடைசியாகக் கிளம்புகிறவர் யார் என்று முன்பே பார்த்து, அவருக்கு ஒரு வேலை கொடுத்துவிடுங்கள். எனக்குக் கொடுத்திருந்தார்கள். அருங்காட்சியகத்தில் வாங்கிய, அந்த வேட்டைக்காரர்கள் அச்சிட்ட மூன்று தபால் அட்டைகளும் மூன்று விலாசங்களும் சமையலறை ஜன்னலோரம் இருந்தன. ஸ்பேர்லுக்குப் போய் ஒரு மெலாஞ் சொல்லிவிட்டு மூன்றையும் எழுதினேன். இரண்டாவது தம்ளர் தண்ணீர் வந்தபோது மூன்றாவது அட்டையில் இருந்தேன்.